ஸாமி யோய்க்கும் கொரிய ஏர்ப்பாட்டும்

2014ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் தென்கொரியத் திரையரங்குகளில் ‘ஃப்ரோசன்’ படத்தை ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அசைவூட்டப் படம் ஒன்று அந்நாட்டில் அந்த எண்ணிக்கையைத் தாண்டியது அதுவே முதல் தடவை. படம் தொடங்கும்போது ஒரு பெண்கள் குழு பாடும். பொருள் பிரித்தெடுக்கக்கூடிய சொல் எதுவும் அதில் இராது. அசைகள் மட்டும் சுழன்று சுழன்று வரும். அமைத்தவர் தென் ஸாமி வழிவந்த நார்வே இசையமைப்பாளர் ஃப்ரூதெ ஃபியெல்ஹெய்ம். பாடியவர்கள் ட்ரொண்ட்ஹெய்ம் நகரின் காந்துஸ் குழுவினர். அவர் முன்பே எழுதியிருந்த ஒரு சேர்ந்திசைப் படைப்பின் மறுவடிவம் அது. மூலப் படைப்பில் யோய்க் என்னும் ஸாமிப் பாடல்முறையும் ஒரு கிறித்தவத் துதிப்பாட்டும் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கும். திருச்சபை பாவம் என்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைத்த பாட்டு, துதிப்பாட்டின் கைபிடித்து மேடையேறி, ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வழியாகச் சோல் நகரக் குழந்தைகளின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தப் படத்தில் கேட்டது யோய்க்கின் நிழல்தான். அசல் யோய்க் ஒற்றைக் குரல், பக்கவாத்தியம் கிடையாது, கேட்பவர்களை மகிழ்விக்க வேண்டும் என்ற கவலையும் கிடையாது. பழைய யோய்க் பதிவு ஒன்றையும் கொரியாவின் கிழக்கு மலைப்பகுதிப் பாட்டு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மொழி தெரியாதவர்கூட இரண்டுக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்பார். அந்த உறவுக்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, வடக்கிலிருந்து வந்த இரத்த உறவு. மற்றொன்று, பான்சோரி என்னும் கொரியக் கதைப்பாட்டைப் பாடுவோரின் கரகரத்த தொண்டை. இரண்டும் பொருந்தா என்பது என் முடிவு. எதிரொலி கேட்கிறது, ஆனால் வேறிடத்தில்: காங்வொன் மலைச்சரிவில் இரண்டு மாடுகளை ஏரில் பூட்டி உழுதவரின் பாட்டில்.

ஸாமி மக்கள் (நம் ஊர்ச் சாமிக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை) நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகியவற்றின் வடபகுதியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் பூர்வகுடிகள். 80,000 முதல் 1,00,000 பேர் வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. இவர்களுக்கு ஒரே மொழி இல்லை, ஒரே பாட்டும் இல்லை. தெற்கே உள்ளவர்களின் பாட்டு குறுகிய சுர எல்லைக்குள் வழுக்கி வழுக்கி நகரும். வடக்கே ஐந்து சுரங்களில் பெரிய தாவல்களாகப் போகும். கிழக்கே ஸ்கோல்ட் ஸாமிகளிடம் கதை சொல்லும் நெடும்பாட்டு உண்டு. இங்கே யோய்க் என்று நான் சொல்வது பெரும்பாலும் வடக்கத்தி வகையைத்தான்.

ஐரோப்பா இந்தப் பாட்டை முதலில் அறிந்தது காதால் அல்ல, தாளால். யோஹன்னெஸ் ஷெஃபெருஸ் 1673இல் லத்தீனில் வெளியிட்ட ‘லாப்போனியா’ நூலில் இரண்டு காதல் பாடல்களைச் சேர்த்தார். அவற்றைத் தந்தவர் உப்சாலாவில் படித்துக்கொண்டிருந்த ஒலாவுஸ் ஸிர்மா என்ற ஸாமி மாணவர். அந்தச் சொற்கள் ஜெர்மனியில் ஹெர்டரின் நாட்டுப்பாடல் தொகுப்புக்குள் நுழைந்தன. அங்கிருந்து அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் கவிதை ஒன்றுக்குப் பல்லவி ஆயின. மெட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 1908இல் பின்லாந்து இசையமைப்பாளர் ஆர்மாஸ் லவ்னிஸ் 800க்கும் மேற்பட்ட மெட்டுகளைச் சுரக்குறிப்பாக அச்சிட்ட பிறகுதான் படித்த ஐரோப்பியருக்கு யோய்க்கின் ஓசை பற்றி ஓரளவு புரிந்தது. பிறகு 1913 முதல் 1915 வரை ஸ்வீடன் ரயில்வே ஊழியர் கார்ல் தீரேன் மெழுகு உருளைக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பதிவு செய்தார்.

லவ்னிஸின் சுரக்குறிப்பைப் பார்த்துப் பாடினால் யோய்க் வராது. யோய்க் பாடுபவர் மூச்சு முட்டும் இடத்தில் மூச்சு வாங்குகிறார். அது சொல்லின் நடுவிலா, மெட்டின் நடுவிலா என்று பார்ப்பதில்லை. பாடப் பாடச் சுருதி மெல்ல மேலேறும். குரல் தொண்டையில் அழுந்தி, வெட்டி வெட்டி வரும். தொடக்கம் என்று ஒன்றில்லை, முடிவும் இல்லை. மெட்டு சுற்றிக்கொண்டே இருக்கும்போது பாடகர் சட்டென்று நிறுத்திவிடுவார். சொற்கள் மிகக் குறைவு. ஒரு பெயர், இரண்டு மூன்று சொற்கள், மீதி முழுதும் பொருளற்ற அசைகள். ஆனால் அந்த மெட்டு இன்னார் என்று ஊராருக்குத் தெரியும். யோய்க் ஒருவரைப் பற்றிப் பாடுவதல்ல. அவரையே முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது என்று ஸாமிகள் விளக்குகிறார்கள். அவருடைய நடை, கோபம், தயக்கம் எல்லாம் தாளத்திலும் தாவலிலும் இருக்கும். மனிதருக்கு இருப்பதுபோல ஓநாய்க்கும் மலைக்கும் ஏரிக்கும் யோய்க் உண்டு.

இனி உறவுக் கதைக்கு வருவோம். 1840களில் பின்லாந்து அறிஞர் மத்தியாஸ் கஸ்த்ரேன் சைபீரியா முழுவதும் அலைந்து, பின்னிஷ், ஸாமி போன்ற மொழிகளுக்கும் துருக்கிய, மங்கோலிய மொழிகளுக்கும் பொதுவான மூலம் தேடினார். அந்தத் தேடலிலிருந்து உருவானதுதான் ‘யூரல்-அல்தாய்’ கருதுகோள். அதைக் கொரியாவரை கொண்டுபோனதில் பெரும்பங்கு இன்னொரு பின்லாந்துக்காரருக்கு உண்டு. 1919இல் சுதந்திர பின்லாந்தின் முதல் தூதுவராகத் தோக்கியோ சென்ற கு. யோ. ராம்ஸ்டெட் தொழிலால் மொழியியலாளர். கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அவர் தோக்கியோவில் இருந்தபடியே கொரிய மொழியைக் கற்றார். 1939இல் ஹெல்சின்கியில் ஒரு கொரிய இலக்கணத்தை வெளியிட்டார். கொரியம் அல்தாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது என்று வாதிட்டார். அடிமைப்பட்டிருந்த ஒரு நாட்டின் மொழிக்கு இப்படியொரு விரிந்த வம்சாவளி கிடைத்தபோது அந்நாட்டவர் அதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் கொரியப் பாடநூல்கள் கொரியத்தை யூரல்-அல்தாய் மொழி என்றே கற்பித்தன. ஸாமிப் பாட்டில் தங்கள் பாட்டின் சாயல் கேட்டால் ‘தொலைந்துபோன சொந்தம்’ என்று ஒரு கொரியருக்குத் தோன்றுவதற்கு இந்தப் பாடம் போதும்.

மொழியியலாளர்கள் இன்று யூரல்-அல்தாய் குடும்பத்தை ஏற்பதில்லை. அல்தாய்க் குடும்பமே ஓயாத சர்ச்சையில் இருக்கிறது. ஆனால் மொழிச் சான்று சரிந்தாலும் இசைச் சான்று நிற்கிறது என்பார் உண்டு. இரண்டு மரபிலும் அரைச்சுரம் இல்லாத ஐந்து சுரங்கள்தானே என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை மடக்கத் தமிழ் வாசகருக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. வடக்கு யோய்க்குகள் பலவற்றில் வரும் ஐந்து சுரங்களை ஷட்ஜத்திலிருந்து அடுக்கினால் மோகனத்தின் சுரங்கள். கொரியாவின் கிழக்குப் பகுதிப் பாடல்களின் பாணியான மேனாரி தோரியின் ஐந்து சுரங்களை அடுக்கினால் இந்தோளத்தின் சுரங்கள். மோகனத்தின் காந்தாரத்தை ஷட்ஜமாக்கிக் கிரகபேதம் செய்தால் இந்தோளம் வந்துவிடும் என்பது இசை படித்தவர்கள் அறிந்தது. ஐந்து சுரம் உறவுக்குச் சான்று என்றால் நாமும் அந்தப் பங்காளிகளில் ஒருவர் ஆகிவிடுவோம். ஸ்காட்லாந்து மலைவாசிகளும் ஆண்டிஸ் மலைவாசிகளும் ஆவார்கள். ஐந்து சுரம் உலகெங்கும் தானாக முளைப்பது. ஒரு மரபின் அடையாளம் சுரப் பட்டியலில் இல்லை. எந்தச் சுரத்தை அசைக்கிறார்கள், எதில் நிற்கிறார்கள், எதைத் தொட்டும் தொடாமலும் கடக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. மேனாரியில் ‘இந்தோள’ மத்திமத்திலிருந்து இறங்கும்போது காந்தாரம் வெறும் வழித்தடம். அதைத் தொட்டுக் கீழ் ஷட்ஜத்தில் விழுந்தால்தான் காங்வொன்காரருக்கு அது தன் ஊர்ப் பாட்டு. வடக்கு யோய்க்கில் அந்த விழுகை இல்லை. அங்கே ஐந்தாம் சுரத்துக்கும் எட்டாம் சுரத்துக்கும் நேராகத் தாவுகிறார்கள்.

யோய்க்குக்கு உண்மையான சொந்தங்கள் உண்டு. ஆளுக்கொரு பாட்டு என்னும் வழக்கம் சைபீரிய வடகரை நெடுக நெனெட்ஸ், ஙனாசன், சுக்சி மக்களிடம் காணப்படுகிறது. துருவ மான்களோடு வாழும் மக்கள் நெடுகிலும் இந்த வழக்கம் தொடர்கிறது. அது கொரியத் தீபகற்பத்துக்குள் இறங்கவில்லை. உறவுக் கதையை நான் ஏற்காததற்கு மொழியியலை விட இதுவே வலுவான காரணம்.

இரண்டாவது காரணம் பான்சோரி. வெளிநாட்டவருக்குக் கொரியப் பாட்டு என்றாலே நினைவுக்கு வருவது அதுதான். இம் க்வொன்-டேக் இயக்கிய ‘சொப்யொன்ஜே’ (1993) திரைப்படம் அதற்கு ஒரு காரணம். 2003இல் யுனெஸ்கோ அளித்த அங்கீகாரம் இன்னொன்று. அருவிக்கு எதிரே நின்று கத்திக் கத்தித் தொண்டையைப் புண்ணாக்கி ஆற்றிப் பெற்ற குரல், யோய்க் பாடுபவரின் அழுந்திய குரலை நினைவூட்டலாம். ஒற்றுமை அத்தோடு தீர்ந்தது. பான்சோரி மணிக்கணக்கில் கதை சொல்லும் தொழில்முறைக் கலை. 1968இல் பாக் டோங்-ஜின் ‘ஹுங்போகா’ என்ற கதையை முழுதாகப் பாட ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டார். அருகே ஒரு மத்தளக்காரர், எதிரே ‘சபாஷ்’ போடும் கூட்டம், நிறையச் சீன இலக்கிய மேற்கோள், ஏராளமான சொற்கள். நம் கதாகாலட்சேபத்தின் பக்கத்தில் வைக்கலாமே ஒழிய யோய்க்கின் பக்கத்தில் வைக்க இயலாது. பான்சோரிப் பாடகரும் பறவைபோலக் கூவிக் காட்டுவார். யீ டோங்-பேக் அதற்குப் பேர்போனவர். ஆனால் அது கேட்பவர்களுக்குக் காட்டும் வித்தை. ஆண்டெ சொம்பி என்ற ஸாமிச் சட்டப் பேராசிரியர் ஓநாய் யோய்க்கைப் பாடும்போது ஓநாயைக் காட்டுவதில்லை. உறுமலும் ஊளையுமாகப் பாட்டே உருமாறிக்கொண்டு போகும்.

கொரியாவில் யோய்க்குக்கு அருகே வரும் பாட்டு மேடையேறாத பாட்டு. காங்வொன் மாகாணம் முழுக்க மலை. வயல்கள் சரிவில் தொங்கும், மண்ணில் கல் அதிகம். ஒரு மாடு இழுக்காது, இரண்டு வேண்டும். இரட்டை மாட்டு ஏரில் இடப்பக்க மாட்டுக்கு ஆன்சோ என்று பெயர், நன்கு பழகியது. வலப்பக்கம் மாராசோ, பெரும்பாலும் அதற்குத் துணையாகப் போவது. ஏரோட்டி பின்னால் நடந்தபடி இரண்டோடும் மாற்றி மாற்றிப் பேசுகிறார்: இவனைக் கொஞ்சம் உள்ளே வரச் சொல்கிறார், அவனை முந்தாதே என்கிறார், கல் இருக்கிறது பார்த்துப் போ என்கிறார், திரும்பச் சொல்கிறார். அந்தப் பேச்சு மேனாரியின் மெட்டில் நீளும். மேல் சுரத்தில் ஒரு நீண்ட இழுப்பு, பிறகு தடுமாறுவதுபோல ஓர் இறக்கம். தாளக்கட்டு கிடையாது; மாட்டின் நடைதான் தாளம். சால் முடிந்து மாடு திரும்பும் இடத்தில் பாட்டும் திரும்பும். சொல் குறையும்போது அசை வந்து நிரப்பும். கொரியாவின் மற்ற வேளாண் பாட்டுகள் பெரும்பாலும் கூட்டுப்பாட்டுகள்: நாற்று நடும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பதில் சொல்வார்கள். இந்த ஏர்ப்பாட்டில் பதில் சொல்ல ஆளில்லை. கேட்பது மாடுகள் மட்டும்.

தெற்கே கியொங்சாங்கில் இதற்கு ஓர் உடன்பிறப்பு இருக்கிறது, ஓசாயோங் என்று. மலைக்கு விறகு வெட்டப் போகும் கூலியாள் தனியாகப் பாடுவது. முதுகில் சுமக்கும் விறகுச் சட்டத்தின் காலில் கோலால் தட்டிக்கொண்டே, காகத்தைக் கூப்பிட்டுத் தன் விதியைச் சொல்லி அழுவார். ஊருக்குள் பாடினால் எசமான் காதில் விழும், மலையில் விழாது. ஜேஜூ தீவில் இன்னொரு வகை. அங்கே எரிமலை மண் லேசானது, தினை விதைத்தால் காற்று அள்ளிப் போய்விடும். அதனால் விதைத்த வயலில் குதிரைக் கூட்டத்தை ஓட்டி மிதிக்கவிடுவார்கள். குதிரைகளைச் சுற்றிச் சுற்றி நடத்த நீண்ட கூவலாக ஒரு பாட்டு.

இந்த மூன்றையும் யோய்க்கையும் ஒருசேரக் கேட்டால் எதிரொலி எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். திறந்த வெளி, ஓர் ஆள், முன்னால் விலங்கு, கேட்க வேறு மனிதர் இல்லை. குரல் தொலைவுக்குப் போக வேண்டும், ஆகவே தொண்டை இறுகும். நடந்துகொண்டே பாட வேண்டும், ஆகவே மூச்சு கிடைத்த இடத்தில் பாட்டு உடையும். விலங்குக்குச் சொல்லின் பொருள் முக்கியமில்லை, ஆகவே அசைகள் பெருகும். வேலை முடியும் நேரம் முன்கூட்டித் தெரியாது, ஆகவே பாட்டுக்கு முடிவு வைத்துக்கொள்ள இயலாது. மந்தையின் பின்னே பனியில் போகும் ஸாமிக்கும் சாலின் பின்னே போகும் காங்வொன்காரருக்கும் ஒரே மூதாதை தேவையில்லை. ஒரே நிலைமை போதும்.

இத்தனை ஒற்றுமைக்கும் நடுவே ஒரு வேற்றுமை இருக்கிறது. என்னைக் கேட்டால் ஒற்றுமைகளைவிட அதுதான் முக்கியம். பாட்டு யாருடைய சொத்து?

கொரிய நாட்டுப்பாட்டு ஊருடையது. காங்வொனின் நாட்டுப்பாட்டான ஜொங்சொன் அரிராங்கை யார் வேண்டுமானாலும் எடுத்து ஓர் அடி புதிதாகக் கட்டிச் சேர்க்கலாம். அப்படிச் சேர்ந்த அடிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அரிராங் தென்கொரியாவின் பெயரில் 2012இலும் வடகொரியாவின் பெயரில் 2014இலும் தனித்தனியாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நாடு இரண்டானபோதும் பாட்டு இருவருக்கும் பொதுவாகவே இருந்தது. யோய்க் அப்படியல்ல. அது கட்டியவருக்குச் சொந்தமில்லை, பாடுபவருக்கும் சொந்தமில்லை. யாருக்காகக் கட்டப்பட்டதோ அவருக்கே சொந்தம். தன் யோய்க்கைத் தானே பாடித் திரிவது தற்பெருமையாகக் கருதப்படும். ஆகவே ஒருவருடைய யோய்க் ஒலிக்க வேண்டுமானால் அவரை நினைக்கும் இன்னொருவர் இருக்க வேண்டும். இறந்தவரின் யோய்க்கும் அப்படித்தான் உயிரோடிருக்கிறது. 1910இல் வெளிவந்த யோஹன் துரியின் நூல், ஸாமி ஒருவர் ஸாமி மொழியில் தம் மக்களைப் பற்றி எழுதிய முதல் நூல். யோய்க்கை மற்றவர்களை நினைவுகூரும் கலையாகவே அது விளக்குகிறது.

இரண்டு மரபுகளும் பட்ட பாட்டைப் பார்க்கும்போது இந்த வேற்றுமையின் எடை தெரியும். 1692இல் நார்வேயின் வாட்ஸோ ஊரில் ஆண்டர்ஸ் பௌல்சன் என்ற ஸாமி முதியவர், சடங்குகளில் யோய்க்கோடு ஒலித்த மேளத்தைக் கொட்டிச் சூனியம் செய்ததாக விசாரிக்கப்பட்டார். தீர்ப்பு வருமுன் காவலிலேயே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஸ்வீடனின் ஆர்யெப்லூகில் லார்ஸ் நில்சன் என்ற ஸாமி மேளத்தோடும் தெய்வ உருக்களோடும் எரிக்கப்பட்டார். நூற்றுக்கணக்கான மேளங்கள் பறிக்கப்பட்டு அழிந்தன. ஸ்வீடன் ஆய்வாளர் எர்ன்ஸ்ட் மாங்கர் 20ஆம் நூற்றாண்டில் தேடித் தொகுத்தபோது 71தான் தேறின. பௌல்சனின் மேளம் டென்மார்க்கிலிருந்து நார்வேயின் கராஸ்யோக் ஊரிலுள்ள ஸாமி அருங்காட்சியகத்துக்கு முறையாகத் திரும்பியது 2022இல். 19ஆம் நூற்றாண்டில் லெஸ்தாடியஸ் என்ற போதகர் தொடங்கிய சமய எழுச்சி ஸாமி வீடுகளுக்குள்ளேயே யோய்க்கைப் பாவமாக்கியது. 1950களில் வட நார்வேயின் கௌடொகேய்னோ பள்ளிகளில் யோய்க்குக்குத் தடை இருந்தது. மேளம் பறிபோனது, யோய்க் போகவில்லை. நினைக்க ஓர் ஆளும் நினைக்கப்பட ஓர் ஆளும் இருந்தால் போதும், அதற்குக் கருவியும் வேண்டாம், இடமும் வேண்டாம். 1968இல் ஸாமிக் கலைஞர் நில்ஸ்-அஸ்லாக் வால்கெயாபா ‘யோய்குயா’ என்ற இசைத்தட்டை கிதார் சேர்த்து வெளியிட்டபோது முகம் சுளித்த பெரியவர்கள் உண்டு. 1979இல் வட நார்வேயின் ஆல்தா அணைக்கு எதிராக ஸாமிகள் ஓஸ்லோ நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். மறு ஆண்டே யூரோவிஷன் மேடையில் மத்திஸ் ஹெத்தா யோய்க் பாடினார். 2014இல் ஸ்வீடன் தொலைக்காட்சிப் போட்டியில் யோன் ஹென்ரிக் ஃபியெல்கிரென் இறந்துபோன தன் நண்பருக்கான யோய்க்கைப் பாடி வென்றார். வடிவம் மாறியது, வேலை மாறவில்லை.

கொரிய ஏர்ப்பாட்டை யாரும் தடை செய்யவில்லை. 1970களில் அரசு நடத்திய ‘புதிய கிராம’ இயக்கம் மூடநம்பிக்கை என்று ஊர்க்கோயில்களை இடித்தது; ஆவியாட்டப் பூசாரிகளை விரட்டியது; உழுகிறவரின் பாட்டில் கை வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அதே பத்தாண்டில் கையால் செலுத்தும் உழவு இயந்திரம் வந்தது, மாடு போயிற்று, மாட்டோடு பாட்டும் போயிற்று. அரசு 1964இலேயே பான்சோரியைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்து, பாடகர்களுக்குப் பட்டமும் உதவித்தொகையும் தந்து காப்பாற்றியது. ஏரோட்டிக்கு அப்படி ஒரு குரு-சீடப் பரம்பரை எங்கே? 1989இல் எம்பிசி ஒலிபரப்பு நிறுவனத்தின் தயாரிப்பாளர் சொய் சாங்-இல் குழுவினர் நாடெங்கும் கிராமம் கிராமமாகப் போய்ப் பதிவைத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பாடியவர்களில் பெரும்பாலோர் அந்த வேலையை விட்டுப் பல ஆண்டு ஆனவர்கள், முதியவர்கள். அந்தப் பதிவுகள் 103 குறுந்தகடுகளாக வெளிவந்தன. அவை இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையின் பாதியை எழுதியிருக்க முடியாது.

வேலையோடு பிறந்த பாட்டு வேலையோடு போய்விட்டது. ஆளோடு பிறந்த பாட்டு ஆள் உள்ளவரை நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை இரத்த உறவுக் கதை மறைத்துவிடுகிறது என்பதே அதன்மீது எனக்குள்ள பெரிய குறை.

காங்வொனில் இன்றைக்கும் இரட்டை மாட்டு ஏரைச் சில ஊர்களின் பாதுகாப்புச் சங்கங்கள் விழா நாட்களில் ஓட்டிக் காட்டுகின்றன. மற்ற நாட்களில் கேட்க வேண்டுமானால் சோல் நகரில் சாங்டொக்குங் அரண்மனை வாசலுக்கு எதிரே 2019 நவம்பரில் திறந்த நாட்டுப்பாடல் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பிரபலமான அரிராங்கோடு திரும்பிவிட வேண்டாம். மாடு ஓட்டும் பாட்டு எங்கே என்று கேட்டு, காதில் மாட்டிக்கொண்டு, ஒன்றையாவது முழுதாகக் கேளுங்கள். வீடு திரும்பியதும் வால்கெயாபாவின் 1968 இசைத்தட்டைத் தேடிப் போட்டுப் பாருங்கள்.